முகம் தெரியாத அண்ணா

வில்லிவாக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"மேடம், நாங்கள் மாமனார், மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் கிண்டியில் வேலை பார்க்கிறேன். வீடு வந்து சேர ஏழரை ஆகிவிடும். மகளுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு. மகன் யு.கே.ஜி. பள்ளி விட்டு வந்ததும் மகள் என் மாமியாரின் போனில் ஒரு மணி நேரம் விளையாடுவாள். வீடு கட்டி நாய்க்குட்டி வளர்க்கிற விளையாட்டு, நாத்தனார் மகன் இறக்கிக் கொடுத்தது. போன வாரம் விளையாட்டின் நடுவே எழுந்து வந்து, 'ஆயா, உன் வாட்ஸ்அப் நம்பர் என்ன? அண்ணா கேக்கறாரு' என்றிருக்கிறாள். எந்த அண்ணா என்றால், பத்து நாளாக விளையாட்டில் பேசுகிற அண்ணாவாம். நாய்க்குட்டி வாங்கக் காசு கொடுத்தாராம். தன் பெயர், வகுப்பு, பள்ளி, ஏரியா, 'அம்மா ஆபீஸ், தாத்தா தூங்கறாரு, நானும் ஆயாவும்தான் இருக்கோம்' என்பது வரை எல்லாம் சொல்லியிருக்கிறாள். நான் வந்ததும் மாமியார் சொன்னார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனைப் பிடுங்கி விளையாட்டை அழித்துவிட்டேன். இரண்டு அடியும் வைத்துவிட்டேன். நாய்க்குட்டி போச்சு என்று இரண்டு நாள் அழுதாள். ஆறு நாளாக என்னிடம் சரியாகப் பேசவில்லை. பத்தாம் வகுப்பு வரை போனே கிடையாது என்கிறார் கணவர். இந்த வயதுப் பிள்ளையிடம் இதையெல்லாம் பயமுறுத்தாமல் எப்படிச் சொல்வது? போலீசுக்குப் போக வேண்டுமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் வேகமாகத் தாண்டிப் போன ஒரு வரியில் நான் நின்றுவிட்டேன். உங்கள் மகள் விளையாட்டை விட்டு எழுந்து போய் ஆயாவிடம் நம்பர் கேட்டிருக்கிறாள். 'அண்ணா கேக்கறாரு' என்று காரணத்தையும் சொல்லியே கேட்டிருக்கிறாள். போன் அவள் கையில்தான் இருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாட்ஸ்அப்பைத் திறந்து நம்பரைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்று துளி தோன்றியிருந்தாலும் அவள் எழுந்தே வந்திருக்க மாட்டாள். ஏதாவது என்றால் பெரியவர்களிடம் வந்து சொல் என்றுதானே பிள்ளைகளிடம் தினமும் சொல்கிறோம்? அதை அவள் செய்திருக்கிறாள்.

அன்று ராத்திரி அவளுக்கு அடி விழுந்தது. அவள் கணக்குப்படி இதைப் போட்டுப் பாருங்கள். பத்து நாள் அண்ணாவோடு பேசினேன், ஒன்றும் ஆகவில்லை. ஆயாவிடம் சொன்னேன், அம்மா அடித்தாள், நாய்க்குட்டியும் போய்விட்டது. நீங்கள் நடத்த நினைத்தது ஒரு பாடம், அவள் படித்துக்கொண்டது வேறு பாடம்: வீட்டில் வாயைத் திறக்கக் கூடாது.

உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஆலோசனை சொல்கிற வேலையில் இருக்கும் நானே, என் மகன் சின்ன வயதில் யாரோ அனுப்பிய லிங்க்கைத் தொட்டுவிட்டேன் என்று வந்து நின்றபோது முதலில் கத்தத்தான் கத்தினேன். ஆனால் அந்தத் தப்பான பாடத்தை அழிக்காமல் வேறு எதைச் சொல்லிக் கொடுத்தாலும் அவள் காதில் ஏறாது.

அதற்காக அவளை எதிரில் உட்காரவைத்து, 'அம்மா உன்கிட்ட முக்கியமா ஒண்ணு பேசணும்' என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தக் குரலைக் கேட்டதுமே அடுத்த அடி எப்போது என்று காத்திருப்பாள். காலையில் தலை பின்னிவிடும்போது பேசுங்கள். அவள் முகம் சுவரைப் பார்த்திருக்கும், உங்கள் கை அவள் தலையில் இருக்கும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. ரெட்டைப் பின்னலில் முதலாவது முடிந்து இரண்டாவதற்கு வகிடு பிரிக்கிற நேரத்தில் பெண் பிள்ளைகள் சொல்லிவிடுகிற விஷயங்களை, என் அறையில் ஒரு மணி நேரம் உட்காரவைத்தாலும் என்னால் வாங்க முடிந்ததில்லை.

"அன்னிக்கு அம்மா பயந்துட்டேன். பயத்துல அடிச்சுட்டேன். அடிச்சது தப்பு. நீ ஆயாகிட்ட வந்து கேட்ட பாரு, அதுதான் கரெக்ட்." இவ்வளவு போதும். அடுத்த வாக்கியத்தை 'ஆனா' என்று ஆரம்பித்துவிடாதீர்கள். 'ஆனா நீயும்...' என்று வாய் வரை வரும், விழுங்கிவிடுங்கள். ரிப்பனைக் கட்டி வேனில் ஏற்றிவிடுங்கள். அவள் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

இப்போது அந்த அண்ணாவுக்கு வருவோம். இந்தப் பதிலை ஆரம்பிக்கும்போது உங்களைச் சகோதரி என்று எழுதினேன். உங்களை நான் பார்த்ததுகூட இல்லை. நம் வழக்கம் அப்படி. ஆட்டோ ஓட்டுகிறவர் அண்ணா, பால் பாக்கெட் போடுகிறவர் அண்ணா, தண்ணீர் கேன் தூக்கி வருகிறவர் அண்ணா, பூ விற்கிறவர் அக்கா, வாட்ச்மேன் தாத்தா. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மரியாதை தெரியாத பிள்ளை என்று அதட்டுகிறோம். நல்ல பழக்கம்தான், மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் இப்படி வளர்கிற பிள்ளையிடம் 'அந்நியர்கிட்ட பேசாதே' என்றால் அவள் யாரை நினைத்துக்கொள்வாள்? சோறு ஊட்டும்போது நாம் காட்டிய பூச்சாண்டியை நினைப்பாள். சாக்குப்பையோடு வருகிற பிள்ளை பிடிக்கிறவனை நினைப்பாள். அவனுக்குப் பெரிய மீசை, கண் சிவப்பு. விளையாட்டில் வருகிறவனோ சிரித்துப் பேசுகிறான், தோற்றுப்போனால் 'பரவால்லடா செல்லம்' என்கிறான். முதல் நாள் ஹாய், மூன்றாம் நாள் அண்ணா. அண்ணா ஆன பிறகு அவன் எப்படி அந்நியன் ஆவான்?

ஏழு வயதுப் பையன் ஒருவனிடம், "கேம்ல தெரியாதவங்க யாராவது உன்கிட்ட பேசறாங்களா?" என்று கேட்டேன். இல்லவே இல்லை என்று தலையை ஆட்டினான். "தெரிஞ்சவங்க?" "நெறைய பேரு இருக்காங்க ஆன்ட்டி. பதினோரு பேரு." அந்தப் பதினோரு பேரில் ஒருவர் முகத்தைக்கூட அவன் பார்த்ததில்லை. பொய் சொல்லவில்லை அவன். நான்தான் கேள்வியைத் தப்பாகக் கேட்டேன்.

அவள் ஏன் எல்லாவற்றையும் ஒப்பித்தாள் என்றுதான் உங்களுக்கு ஆற்றாமை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் என்ன நடக்கிறது? சோபாவில் மாமா உட்கார்ந்ததும் பிள்ளையைக் கூப்பிட்டு நிறுத்துவோம். 'மாமாகிட்ட பேர் சொல்லு, என்ன கிளாஸ் சொல்லு, ஸ்கூல் பேர் சொல்லு.' முழித்துக்கொண்டு நின்றால், 'வாயில என்ன கொழுக்கட்டையா?' உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். பெயர், வகுப்பு, பள்ளி, ஏரியா. விருந்தாளிக்குச் சொல்கிற அதே வரிசை. நாம் ஐந்து வருடம் உட்காரவைத்துப் பழக்கியதைத்தான் அவள் அங்கேயும் செய்திருக்கிறாள்.

எனவே 'சொல்லாதே' என்பதற்கு முன்னால், பெரியவர் கேட்டாலும் பதில் சொல்லாமல் இருக்கலாம் என்ற அனுமதி அவளுக்கு வேண்டும். அது போனில் தொடங்காது, உங்கள் கூடத்தில்தான் தொடங்கும். பெரிய மாமா முத்தம் கேட்டு அவள் நெளிந்தால், 'குடுடி, மாமா கோவிச்சுக்குவாரு' என்று தள்ளாதீர்கள். கோபித்துக்கொள்ளட்டும். ஒரு வேளைக் காபியில் சரியாகிவிடுவார். வீட்டில் 'வேண்டாம்' சொல்லிப் பழகாத பிள்ளையால் திரையில் சொல்ல முடியாது.

இப்படி வருகிறவர்கள் போகிற வழி பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். முதலில் ஏதாவது கொடுப்பார்கள்: காயின், டைமண்ட், ஸ்கின் என்கிற விளையாட்டு உடுப்பு. வயதைக் குறைத்துச் சொல்வார்கள். குரலையும் படத்தையும்கூட இன்று மாற்றிவிட முடியும். பிறகு 'வீட்ல யாரு இருக்காங்க?' என்ற கேள்வி வரும். அக்கறை மாதிரிதான் இருக்கும், ஆனால் பக்கத்தில் காது இருக்கிறதா என்று பார்க்கிற கேள்வி அது. அப்புறம் விளையாட்டை விட்டு வாட்ஸ்அப்புக்கோ இன்ஸ்டாகிராமுக்கோ கூப்பிடுவார்கள். விளையாட்டுகளில் பேச்சை வடிகட்டவும் புகார் பார்க்கவும் நிறுவனம் ஏதாவது ஏற்பாடு வைத்திருக்கும். வாட்ஸ்அப்பில் இரண்டு பேர் பேசுவது மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. அங்கே போன பிறகுதான் படம், வீடியோ கால், 'யார்கிட்டயும் சொல்லாதே', கடைசியில் மிரட்டல். உங்கள் வீட்டு விஷயம் நம்பர் கேட்ட இடத்தில் நின்றது. அவள் எழுந்து வந்து கேட்டதால் நின்றது. அந்த ஆள் உண்மையிலேயே பொழுது போகாத பதினைந்து வயதுப் பையனாகக்கூட இருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பது உங்கள் மகளுடைய வேலை இல்லை.

இன்னொன்று. அது உங்கள் மாமியாரின் போன். பென்ஷன் வருகிற பேங்க் மெசேஜும் ஜிபேயும் அதில் இருந்தால், 'ஒரு நம்பர் வரும், அதைப் படிச்சு சொல்லு செல்லம்' என்று ஓடிபியைக் கேட்கவும் இதே அண்ணாக்களுக்குத் தெரியும்.

முன்பெல்லாம் பெற்றோர்களிடம் ஒரு காபிச் சோதனை சொல்வேன். 'ஆயா அவங்களுக்குக் காபி போட்டுக் குடுத்திருக்காங்களா? குடுத்திருந்தா தெரிஞ்சவங்க. இல்லன்னா அவரு சும்மா கூப்பிடற அண்ணா.' பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும், சிரிப்பார்கள். கூப்பிடுகிற அண்ணாவுக்கும் நம் வீட்டு அண்ணாவுக்கும் வித்தியாசம் புரிய இன்றும் இதைச் சொல்லலாம். ஆனால் பாதியோடு நிறுத்திக்கொள்கிறேன். என்னிடம் வந்த துயரங்களில் அந்த வீட்டில் உட்கார்ந்து காபி குடித்தவர்கள் செய்தவையும் உண்டு. ஆளை வைத்துத் தரம் பிரிக்கச் சொன்னால் பிள்ளை தோற்றுப்போகும். பெரியவர்களே தோற்கிற இடம் அது.

அதனால் நான் இப்போது சொல்வது ஒரே ஒரு விதி. கேமில் யாராவது ஏதாவது கேட்டால், அல்லது கொடுத்தால், போனை அப்படியே எடுத்துக்கொண்டு ஆயாவிடம் வா. நல்லவனா கெட்டவனா என்று அவள் யோசிக்க வேண்டாம். கேட்டது பெயரா, படமா, பிடித்த கலரா என்றும் பிரிக்க வேண்டாம். கேட்டா வா, குடுத்தா வா. அன்றைக்கு அவள் தானாகச் செய்ததும் இதுதான் என்பதால் அவளுக்கு இது புதுப் பாடமாகவும் இருக்காது. வந்தால் போனைப் பிடுங்க மாட்டோம் என்ற வாக்கும் இதோடு சேர்ந்தே வர வேண்டும். அந்த வாக்கை ஒரு தடவை மீறினால் விதி செத்துப்போகும்.

வாயால் சொல்வதைவிட இதை விளையாடிப் பார்ப்பது நல்லது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு கதவில் போர்வையைத் தொங்கவிட்டு, பின்னால் உங்கள் கணவரை உட்காரவையுங்கள். அவர்தான் கேம் அண்ணா. குரலை மாற்றிக்கொள்ளட்டும்.

"ஹாய் செல்லம், ஐந்நூறு காயின் தரட்டா?"

"தாங்க!" முதல் தடவை இப்படித்தான் சொல்வாள். திட்டாதீர்கள், சிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது தடவை யோசிப்பாள். மூன்றாவது தடவை ஆயா இருக்கிற பக்கம் ஓடுவாள். ஓடி வந்ததும் ஆயா கேட்க வேண்டியது 'என்னம்மா சொன்னான்?' என்பது மட்டும்தான். ஆயாவுக்கும் ஒத்திகை வேண்டும், ஏனென்றால் 'ஐயோ, என்னடி பண்ணே!' என்று நெஞ்சில் கை வைத்தால் ஆட்டம் கெட்டது.

பிறகு இடம் மாறுங்கள். அவள் போர்வைக்குப் பின்னால் போய் அண்ணா ஆகட்டும், நீங்கள் பிள்ளையாக இருங்கள். அப்போது அவள் உங்களிடம் என்னென்ன கேட்கிறாள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். அந்தப் பத்து நாளில் உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது நடந்திருந்தால் பெரும்பாலும் அங்கேதான் எட்டிப் பார்க்கும். 'உன் டிரஸ் காட்டு' என்பது மாதிரி ஏதாவது வந்தாலும் ஆட்டத்தை நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். சாதாரணமாக விளையாடி முடியுங்கள், ராத்திரி அவள் சொன்ன வார்த்தையை அப்படியே ஒரு தாளில் எழுதி வையுங்கள், என்ன செய்வது என்று கீழே சொல்லியிருக்கிறேன். சின்னவனும் போர்வைக்குள் புகுவான், புகட்டும். அவனுக்கு ஐந்து வயது, இதெல்லாம் பாடமாகாது. அவனுக்குக் காவல்தான். பேசுகிற வசதியுள்ள எந்த விளையாட்டும் அவன் கைக்கு வேண்டாம்.

ரகசியத்துக்கும் சர்ப்ரைஸுக்கும் உள்ள வித்தியாசத்தையும் வருகிற நாட்களில் சொல்லிவையுங்கள். தாத்தாவுக்குத் தீபாவளிச் சட்டை வாங்கி ஒளித்துவைப்பது சர்ப்ரைஸ். தீபாவளி அன்று உடைந்துவிடும். எப்போது உடையும் என்று தேதியே இல்லாத ரகசியத்தை யார் வைத்துக்கொள்ளச் சொன்னாலும் அதை அம்மாவிடம் உடைத்துவிடலாம்.

உடம்பைப் பற்றியும் ஒருமுறை நேராகச் சொல்லிவிடுங்கள். குளிப்பாட்டும்போது சொல்லலாம். தொடுவதைப் பற்றிப் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கலாம், ஆனால் கேமராவில் யாரும் தொடுவதில்லை, அதனால் பிள்ளைகள் அதை இதோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. "ஜட்டி மூடற எடத்த யாரும் போன்ல பாக்கவும் கூடாது, படம் எடுக்கவும் கூடாது. யாராவது கேட்டா அது அவங்க தப்பு. நீ காட்டியிருந்தாலும் அவங்க தப்புதான்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். மிரட்டுகிறவர்கள் பிழைப்பது, பிள்ளை அதைத் தன் தப்பு என்று நினைப்பதில்தான்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. எட்டு வயதுப் பிள்ளைக்கு முன்பின் தெரியாதவர்களோடு பேசுகிற விளையாட்டு எதற்கு? தேவையே இல்லை. ஆனால் பத்தாம் வகுப்பு வரை போனே கிடையாது என்பது நடக்கிற காரியமாக எனக்குப் படவில்லை. வீட்டுப்பாடமே வாட்ஸ்அப்பில் வருகிறது. நாத்தனார் வீட்டுக்குப் போனால் அங்கே ஒரு போன் இருக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளை கையில் ஒன்று இருக்கும். அங்கே எதையாவது பார்த்தால் யாரிடம் வந்து சொல்வாள்? போனே தொடக் கூடாதென்று சொன்ன அப்பாவிடமா?

செட்டிங்குக்கு வருவோம். நாத்தனார் மகனைக் கூப்பிட்டு, அந்தக் கணக்கைத் திறக்கும்போது என்ன பிறந்த வருடம் போட்டாய் என்று கேளுங்கள். பெரும்பாலும் கைக்கு வந்த ஒரு வருடத்தைப் போட்டிருப்பான். 2000 என்று போட்டிருந்தால் அந்த விளையாட்டின் கணக்கில் உங்கள் மகள் பெரிய ஆள்; சிறு பிள்ளைகளுக்காகப் போட்டிருக்கிற பூட்டுகள் பலவும் அவளுக்குத் திறந்தே கிடக்கும். மறுபடி விளையாட விடுவதாக இருந்தால் சரியான பிறந்த தேதியோடு புதுக் கணக்கு. ரோப்லாக்ஸ் மாதிரியான விளையாட்டுகளில் பெற்றோர் தங்கள் கணக்கை இணைத்து, பேசுகிற வசதியைக் கட்டுப்படுத்தலாம். அப்படி வசதி இல்லாத விளையாட்டா? போன் செட்டிங்கில் ஆப்ஸ் பகுதிக்குப் போய், அந்த விளையாட்டுக்கு மைக், கேமரா இரண்டின் அனுமதியையும் எடுத்துவிடுங்கள். குரல் போகாது, முகம் போகாது. வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் 13 வயதுக்கு முன் பிள்ளை தானாகக் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்று அவர்களே சொல்கிறார்கள்.

ஆண்ட்ராய்டு போனில் ஆப் பின்னிங் என்று ஒன்று உண்டு. விளையாட்டைத் திறந்து 'பின்' செய்து கொடுத்தால், பூட்டு எண் போடாமல் அதை விட்டு வேறு எங்கும் போக முடியாதபடி வைக்கலாம். ஐபோனில் கைடட் ஆக்ஸஸ். வீட்டில் பழைய போன் கிடந்தால் சிம் இல்லாமல், கூகுள் ஃபேமிலி லிங்க்கில் அவளுக்கென்று ஒரு பிள்ளைக் கணக்கு போட்டுக் கொடுப்பது இன்னும் நல்லது. புது ஆப் எது இறக்கினாலும் உங்கள் போனுக்கு அனுமதி கேட்டு வரும்படி வைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேல் ஹாலில் உட்கார்ந்து, இயர்போன் இல்லாமல், சத்தம் வெளியே கேட்கும்படி விளையாடட்டும். ஆயாவுக்கு செட்டிங் தெரியாமல் இருக்கலாம், புதுக் குரல் கேட்டால் தெரியும். அவர்களைக் குறை சொல்லிவிடாதீர்கள். இந்தக் கதையில் பதறாமல் 'எந்த அண்ணா?' என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

சொல்லாமல் விட மனமில்லாத ஒன்று: பள்ளி பெயரைச் சொல்லாதே என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டு, ஜூன் மாதம் பள்ளி திறக்கிற அன்று யூனிஃபார்ம், கழுத்தில் அடையாள அட்டை, பின்னால் வேன் நம்பரோடு நாமே படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுகிறோம். பிறந்த நாளன்று வயதோடு சேர்த்து இன்னொரு படம். உங்கள் ஸ்டேட்டஸை யார் யார் பார்க்கலாம் என்று இன்று ஒருமுறை பாருங்கள்.

போலீஸ் விஷயம். நீங்கள் எழுதியதில் படம் கேட்கவில்லை, உடம்பைப் பற்றிய பேச்சு இல்லை, மிரட்டல் இல்லை. அது மட்டும்தான் என்றால் இன்றைக்கே ஓட வேண்டிய நிலை இல்லை என்று நினைக்கிறேன். சும்மா விடவும் கூடாது. விளையாட்டை நீக்கியதால் கணக்கு பொதுவாக அழிந்துவிடாது. மகள் பள்ளியில் இருக்கும்போது மறுபடி இறக்கி, அதே கணக்கில் உள்ளே போய், அந்த ஆளின் பெயர், நண்பர் பட்டியல், அனுப்பிய பரிசு, மிச்சமிருக்கிற பேச்சு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் விளையாட்டிலேயே புகார் கொடுத்து பிளாக் செய்யுங்கள். 'யாருடா நீ' என்று அவனோடு சண்டைக்குப் போகாதீர்கள், பெயரை மாற்றிக்கொண்டு மறைந்துவிடுவான்.

படமோ வீடியோவோ கேட்டது தெரிய வந்தால் கதையே வேறு. அன்றே 1098-ஐக் கூப்பிடுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண், ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள், காசு கிடையாது. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசுத் தளத்தில் குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். பணம் போயிருந்தால் 1930. நேராகப் போவதென்றால் அனைத்து மகளிர் காவல் நிலையம். முதலாவது 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கியது, இன்று உங்கள் பக்கத்திலும் ஒன்று இருக்கும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற 2012-ன் போக்சோ சட்டத்தில், பாலியல் நோக்கத்தோடு பிள்ளையை போன், இணையம் வழியாகத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதும் குற்றம்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும் இதைப் பற்றிப் பேசுகிறது. பேர் வெளியே வந்துவிடுமே, ஸ்டேஷனில் பிள்ளையை உட்காரவைப்பார்களே என்றுதான் எல்லாத் தாய்மார்களும் தயங்குகிறார்கள். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அவள் விரும்புகிற இடத்திலோ, கூடியவரை பெண் அதிகாரி ஒருவர், காக்கி இல்லாமல், நீங்கள் பக்கத்தில் இருக்க வாங்க வேண்டும் என்று போக்சோ சட்டமே சொல்கிறது. பத்திரிகைகள் அடையாளத்தை வெளியிடக் கூடாது. 'உங்களோடயே வச்சுக்கங்க மேடம்' என்று சிலர் என்னிடம் கேட்பார்கள். அப்படி ஒரு குற்றம் தெரிந்தால் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் எனக்கும் கட்டளையிடுகிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுவேன். பிள்ளையின் அந்தரங்கப் படம் ஏதாவது போயிருந்தால், 'என்ன பண்றதுன்னு பாருங்க' என்று உறவினர்களுக்கு அதை அனுப்பிக் கேட்காதீர்கள், அனுப்புவதே குற்றமாகிவிடும். போனை அப்படியே காவல்துறையிடம் காட்டுங்கள்.

பள்ளி பெயரும் ஏரியாவும் வெளியே போய்விட்டதால் இந்த வாரமே ஒரு காரியம் செய்யுங்கள். யார் யார் வந்தால் பிள்ளையை அனுப்பலாம் என்று பள்ளியிலும் வேன் அண்ணாவிடமும் (பாருங்கள், மறுபடி அண்ணா) பெயர் சொல்லி வையுங்கள். வீட்டுக்குள் ஒரு குறிச்சொல்லும் வைத்துக்கொள்ளுங்கள். 'அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, வா' என்று யார் வந்தாலும் அந்தச் சொல்லைச் சொன்னால்தான் போவாள். சொல்லை அவளே தேர்ந்தெடுக்கட்டும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அது பீர்க்கங்காய்.

ஆறு நாள் பேசாமல் இருப்பது கோபமாகத்தான் இருக்கும். இரண்டு வாரத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தால், அல்லது படுக்கையை நனைத்தால், பள்ளிக்குப் போக மறுத்தால், போன் ஒலித்தாலே திடுக்கிட்டால், காத்திருக்காமல் ஒரு குழந்தைகள் மனநல நிபுணரிடம் அழைத்துப் போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416-ல் டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

அந்த நாய்க்குட்டி. விளையாட்டை மறுபடி இறக்கிப் பார்க்கும்போது பெரும்பாலும் அது அங்கேயே இருக்கும். அந்த ஆள் கொடுத்த காசில் வாங்கியதாயிற்றே, எதற்கு என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொடுத்தவருக்கு நாம் ஏதோ பாக்கி வைத்திருக்கிறோம் என்ற எண்ணத்தில்தான் பிள்ளைகள் கேட்டதையெல்லாம் கொடுத்துவிடுகிறார்கள். பாக்கி எதுவும் இல்லை, நாய்க்குட்டி உன்னுடையதுதான் என்று அவளிடம் சொல்லலாம். மைக்கை எடுத்துவிட்டு, அந்த ஆளை பிளாக் செய்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கால் மணி நேரம் அந்த வீட்டையும் நாயையும் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறாள் என்று கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அது இல்லை.